அத்தியாயம் 7: ஒலிப்பதிவிலிருந்து நொட்டேஷன்

கச்சேரிப் பதிவு ஒன்றைக் கொடுத்தால் ஸ ரி க ம என்று தானாகவே சரியாக எழுதித் தருகிற மென்பொருள் கர்நாடக இசைக்கு இன்னும் வரவில்லை. விளம்பரங்கள் என்ன சொன்னாலும் நிலைமை இதுதான். இருக்கிற மென்பொருள்கள் வேறு ஒரு வேலையைச் செய்கின்றன. ஒவ்வொரு கணமும் குரல் எந்த உயரத்தில் நிற்கிறது என்று அளந்து, அதைக் கோடாக வரைந்து காட்டுகின்றன. தையல்காரர் கையிலுள்ள அளவுநாடா மாதிரி. நாடா சட்டை தைக்காது. கோட்டை ஸ்வரமாகப் படிக்கிற வேலை நம்முடையது. இதை ஒத்துக்கொண்டு உட்கார்ந்தால் இந்தக் கருவிகளைப் போல உதவி வேறில்லை.

இந்த அத்தியாயத்தின் உதாரணங்களைத் திருவனந்தபுரத்தின் தம்பானூரைச் சுற்றி எடுத்திருக்கிறேன். நாகர்கோவில், குழித்துறை, பாறசாலைப் பக்கமிருந்து ரயிலில் வந்து இறங்குகிற மாணவர்களுக்கு, 1939-இல் தொடங்கிய தைக்காட்டு சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி தம்பானூர் நிலையத்திலிருந்து நடை தூரம். அந்தக் கல்லூரியின் முதல் மாணவி பாறசாலை பொன்னம்மாள். கோட்டைக்குள் பத்மநாபசுவாமி கோயிலை ஒட்டிய நவராத்திரி மண்டபமும் அதிக தூரமில்லை. மண்டபத்தில் முதன்முதலாகப் பாடிய பெண்ணும் பொன்னம்மாள்தான், 2006-இல். ஆண்டுதோறும் ஒன்பது மாலைகள் அங்கே சுவாதித் திருநாளின் நவராத்திரி கிருதிகள், நாளுக்கு ஒன்றாகப் பாடப்படுகின்றன. ஒன்பதும் ஒன்பது ராகம்: சங்கராபரணம், கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்தசாவேரி, நாட்டைக்குறிஞ்சி, ஆரபி. மென்பொருளின் பலத்தையும் பலவீனத்தையும் சோதிக்க இதைவிட நல்ல பாடத்திட்டம் யாரும் போட்டுத் தர முடியாது.

எந்தப் பதிவை எடுப்பது

புகழ்பெற்ற வித்வானின் முழுக் கச்சேரியைத் தேடிப் பிடிப்பதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். அளவு எடுப்பதற்கு அது மோசமான பதிவு. குரலை நிழல்போலத் தொடர்கிற வயலின், ஸட்ஜத்துக்கே சுருதி சேர்த்த மிருதங்கம், விடாமல் ஒலிக்கிற தம்புரா எல்லாம் சேர்ந்து மென்பொருளைக் குழப்பும். வகுப்பில் டீச்சர் சுருதிப்பெட்டியை மெல்ல வைத்துக்கொண்டு பாடிக் காட்டியதைப் போனில் பதிந்திருந்தால், அதுதான் தங்கம். முடிந்தால் கேட்டே வாங்கிவிடுங்கள்: "டீச்சர், பல்லவியை மட்டும் ஒரு தடவை கீழ்க்காலத்தில் பாடித் தரலாமா, பதிஞ்சுக்கறேன்." ஒரு நிமிடப் பதிவு போதும். ஒரு மணி நேரக் கச்சேரி தராத தெளிவை அது தரும்.

தம்பானூர் போன்ற இடத்தில் பதிவு செய்தால் பின்னணி ஓசை வராமல் இருக்காது. பஸ் ஹாரன் ஒரு தொல்லை. அதைவிடப் பெரிய தொல்லை ரயில் நிலைய அறிவிப்புக்கு முன்னால் வருகிற மணியோசை. அதற்குத் தெளிவான சுருதி உண்டு என்பதால் மென்பொருள் அதையும் பாட்டின் ஸ்வரமாக எண்ணிக் கோடு போட்டுவிடும். இதற்கு மருந்தாக 'நாய்ஸ் ரிடக்ஷன்' கட்டளையைக் கொடுக்காதீர்கள். அது இரைச்சலோடு கமகத்தின் மெல்லிய வால் பகுதியையும் அரித்துவிடும். அந்த வரியை விட்டுவிட்டு, பல்லவி அடுத்த முறை திரும்ப வரும்போது எடுத்துக்கொள்ளுங்கள். நம் இசையில் எந்த வரியும் ஒருமுறையோடு நிற்பதில்லை.

வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த பதிவா? கரகரவென்று இருந்தாலும் சுருதி பெரும்பாலும் பிழைத்திருக்கும். போவது மெய்யெழுத்துகள்தான், சாகித்யத்தை வேறு இடத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கேசட்டின் வேகம்

வலியசாலை, கரமனை அக்ரகாரங்களில் பழைய கேசட் இருக்கிற வீடுகள் உண்டு. அவற்றிலிருந்து எடுத்த பதிவாக இருந்தால் சுருதி பார்ப்பதற்கு முன்னால் வேகத்தைப் பார்க்க வேண்டும். பாட்டரி இறங்கிய டேப்ரிக்கார்டரில் பதிந்ததை இன்று சரியான வேகத்தில் ஓட்டினால் பாட்டு விரைந்து, சுருதியும் ஏறிவிடும். ஏறக்குறைய 6 சதவீதம் வேகம் கூடினால் முழு அரைக்கட்டை ஏறியிருக்கும். இரண்டு கட்டையில் பாடுகிறவர் இரண்டரையில் பாடுவதாகத் தெரியும். 78 சுற்று இசைத்தட்டுகளின் கதையும் இதுதான். பெயர்தான் 78, பதிவு செய்த வேகம் கம்பெனிக்குக் கம்பெனி, காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது.

பழைய பதிவுகளில் அடியில் ஓடுகிற 'ம்ம்ம்' என்ற மின்சார முனகலைப் பெரும்பாலும் திட்டிக்கொண்டே கேட்போம். அது ஒரு சாட்சி. நம் நாட்டில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பதிவின்போது புகுந்த முனகலும் 50 ஹெர்ட்ஸ், அதன் மடங்குகளான 100, 150 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளில் நிறமாலைக் காட்சியைத் திறந்து பாருங்கள். 100-இல் இருக்க வேண்டிய கோடு 104-இல் இருந்தால் பதிவு 4 சதவீதம் விரைவாக ஓடுகிறது. இரண்டு எச்சரிக்கை. பழைய நாட்களில் நம் மின்கட்டமைப்பின் அதிர்வெண் 50-லேயே அசையாமல் நின்றதில்லை. ஆகவே இது தோராயம். கேசட்டைக் கணினிக்கு மாற்றும்போது புகுந்த முனகல் எப்போதும் சரியாகவே காட்டும். அதை நம்பி ஏமாறக்கூடாது. இரண்டு கோடுகள் பக்கத்துப் பக்கத்தில் தெரிந்தால் நகர்ந்து நிற்பதுதான் பழையது.

வேகத்தைத் திருத்த ஆடாசிட்டியில் சுருதியும் காலமும் சேர்ந்து மாறுகிற கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும். சுருதி மாறாமல் காலம் மட்டும் மாறுகிற 'டெம்போ' கட்டளை வேறு. அது பின்னால் மெதுவாக்கிக் கேட்க உதவும். இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் அதற்குப் பிறகு எடுக்கிற எந்த அளவும் பயன்படாது.

ஸட்ஜம் எங்கே

மென்பொருளுக்கு ஸட்ஜம் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஹெர்ட்ஸ் மட்டும். நாம்தான் சொல்லித் தர வேண்டும். இரண்டு கட்டை என்றால் சுமார் 146.8 ஹெர்ட்ஸ். பெண் குரலுக்கு ஐந்தரைக் கட்டை என்றால் சுமார் 207.7. ஆனால் கட்டையின் அட்டவணையை நம்பி உட்காராதீர்கள். அட்டவணைச் சுருதியிலேயே அச்சாகத் தம்புராவைச் சேர்க்கிறவர் குறைவு. பாட்டு தொடங்குவதற்கு முன் தம்புரா மட்டும் ஒலிக்கிற சில நொடிகளைத் தேர்ந்தெடுத்து அளந்தால் உண்மையான எண் கிடைக்கும்.

அதற்குப் பிறகு ஹெர்ட்ஸை மறந்துவிட்டு சென்ட் கணக்குக்கு வாருங்கள். ஸட்ஜத்திலிருந்து மேல் ஸட்ஜம் வரை 1200 சென்ட், அரைக்கட்டைக்கு 100. பஞ்சமம் 702, சுத்த மத்யமம் 498, அந்தர காந்தாரம் 386, சாதாரண காந்தாரம் 316, சதுஸ்ருதி ரிஷபம் 204, சுத்த ரிஷபம் 112. இவை இயற்கை விகிதங்களிலிருந்து வருகிற எண்கள். சென்ட் கணக்கின் லாபம் என்னவென்றால், ஆண் பாடியதையும் பெண் பாடியதையும் ஒரே தாளில் ஒப்பிடலாம்.

இரண்டு கட்டைக்காரர்களுக்கு ஒரு தனித் தொல்லை: மின் முனகலின் மூன்றாம் மடங்கு 150 ஹெர்ட்ஸ். அவர்கள் ஸட்ஜத்துக்கு 37 சென்ட்தான் மேலே. பாடகர் நிறுத்துகிற இடங்களில் மென்பொருள் இந்த முனகலைப் பிடித்துக்கொண்டு 'ஸட்ஜம், கொஞ்சம் கூடுதல்' என்று காட்டும். பாடகருக்குச் சுருதி விலகுகிறது என்று நாம் முடிவு கட்டிவிடக்கூடாது.

முதலில் காது

கோடு வரைவதற்கு முன்னால் பாட்டை மெதுவாக்கிக் கேளுங்கள். யூடியூபிலேயே வேகத்தைப் பாதியாக, காலாகக் குறைக்கலாம், சுருதி மாறாது. ஒன்றும் நிறுவ வேண்டாம், செலவும் இல்லை. காலாகக் குறைத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் உடையும். பாதி வேகம்தான் நடைமுறைக்கு உகந்தது. ஒரு சங்கதியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டு, காது சொல்வதைப் பென்சிலால் எழுதிவிடுங்கள். தப்பாக இருந்தாலும் எழுதுங்கள். காதால் எழுதிய வரைவு இல்லாமல் கோட்டைப் பார்க்கிறவர், கோடு காட்டுவதையெல்லாம் நம்பிவிடுவார்.

ஒயர் வைத்த ஹெட்போன் வாங்கிக்கொள்ளுங்கள். ப்ளூடூத்தில் ஒலி சற்றுத் தாமதமாக வரும். தாளம் தட்டும்போது அது பழிவாங்கும்.

கோடு வரைதல்

தனிக் குரல் பதிவுக்கு என் முதல் சிபாரிசு 'டோனி'. லண்டன் குவீன் மேரி பல்கலைக்கழகத்தில் உருவானது, இலவசம். உள்ளே இருக்கும் கணக்குமுறைக்குப் பெயர் 'பியின்'. 2002-இல் வந்த 'யின்' என்ற முறையை 2014-இல் மேம்படுத்தியது. ஒலியலை தன்னையே எவ்வளவு இடைவெளியில் மறுபடி நகலெடுக்கிறது என்று பார்த்துச் சுருதியைக் கண்டுபிடிக்கும். நொடிக்குச் சுமார் 172 தடவை அளக்கும். பதிவைத் திறந்ததும் கோடு வந்துவிடும். கோட்டைப் பாட்டோடு சேர்த்து ஓடவிட்டுக் கேட்கலாம். எங்கே பிசகுகிறது என்று காதுக்கு உடனே தெரியும். டோனி கூடவே ஸ்வரத் துண்டுகளையும் கட்டங்களாகப் போட்டுக் காட்டும். அந்தக் கட்டங்களை அணைத்துவிடுங்கள். அவை நம் இசையை மனத்தில் வைத்துப் போட்டவை அல்ல.

பேச்சொலி ஆய்வாளர்களுக்காக ஆம்ஸ்டர்டாமில் உருவான 'பிராட்' இன்னொரு நல்ல கருவி. அதில் சுருதியின் கீழ்வரம்பு, மேல்வரம்பை நாமே கொடுக்க வேண்டும். ஐந்தரைக் கட்டைப் பாடகியின் தார பஞ்சமம் 623 ஹெர்ட்ஸ். மேல்வரம்பு 600 என்று இருந்தால் உச்சத்தில் நிற்கிற அந்தப் பஞ்சமம் திரையில் காணாமல் போகும், அல்லது ஒரு ஸ்தாயி கீழே விழும். மந்திர பஞ்சமத்துக்குச் சற்றுக் கீழே தொடங்கி, தார பஞ்சமத்துக்கு நன்றாக மேலே வரம்பை முடியுங்கள்.

பக்கவாத்தியத்தோடு உள்ள பதிவுக்கு இவை இரண்டும் உதவாது. அங்கே 'சோனிக் விஷுவலைசர்' என்ற இலவச மென்பொருளில் 'மெலோடியா' என்ற செருகியைச் சேர்த்துப் பயன்படுத்த வேண்டும். பார்சிலோனாவின் பொம்பேயு ஃபப்ரா பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் சாலமனும் எமிலியா கோமெஸும் 2012-இல் வெளியிட்டது. பல ஒலிகளுக்குள் முன்னால் நிற்கிற மெட்டை மட்டும் தொடர முயலும். 2011-இல் அதே இடத்தில் சேவியர் செர்ரா தலைமையில் தொடங்கிய 'காம்ப்மியூசிக்' திட்டம் கர்நாடக இசையையும் ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டது. சென்னை ஐஐடியும் அதில் பங்கேற்றது. ஸட்ஜத்தைத் தானே கண்டுபிடிக்கிற முறைகளும், குரல் வேறு வயலின் வேறாகப் பதிந்த 'சராகா' தொகுப்பும் அதில் விளைந்தவை. பைதான் எழுதத் தெரிந்தவர்கள் 'கம்பியாம்' என்ற கருவித்தொகுப்பைத் தேடிப் பார்க்கலாம்; கர்நாடகக் குரலைக் கொண்டே பயிற்றுவித்த மெட்டுப் பிரிப்பான் அதில் இருக்கிறது. நிரல் எழுதத் தெரியாதவர்களுக்கு மெலோடியா போதும்.

மெலோடியா செய்கிற தப்புகள் பழகிய முகங்கள். குரல் நின்றதும் வயலினுக்குத் தாவும். ஒரு ஸ்தாயி மேலோ கீழோ குதிக்கும்; கோடு திடீரென்று 1200 சென்ட் தள்ளி நின்றால் பாடகர் அப்படித் தாவியிருக்க மாட்டார். யாரும் பாடாத இடத்தில் தம்புராவின் பஞ்சமத்தைப் பிடித்து நீளக்கோடு இழுக்கும். ஆடாத, அசையாத, ஆட்சியர் அலுவலகக் கோப்பு மாதிரி நேராகக் கிடக்கிற கோட்டைக் கண்டால் அது குரல் இல்லை.

குரலைத் தனியே பிரித்துவிட்டால் இந்தத் தொல்லை தீராதா என்று கேட்பார்கள். 'ஸ்ப்ளீட்டர்', 'டிமக்ஸ்' போன்ற பிரிப்பான்கள் பெரும்பாலும் மேற்கத்திய பாப் பாடல்களில் பழகியவை. குரல், டிரம், பேஸ், மற்றவை என்று பெரும்பாலும் நான்கு பெட்டிகளாகத்தான் அவை பிரிக்கும். மிருதங்கம் பாதி டிரமிலும் பாதி பேஸிலும் போய் விழும். குரலோடு ஒட்டி வாசிக்கிற வயலின் குரல் பெட்டியிலேயே கசியும். முயன்று பார்க்கலாம், பிரித்ததையும் மூலத்தையும் மாற்றி மாற்றிக் கேட்காமல் நம்பக்கூடாது.

கோட்டைப் படிப்பது

வேலை உண்மையில் தொடங்குவது இங்கேதான். ஒன்பது நவராத்திரி கிருதிகளையும் பாடுகிற வரிசையில் எடுக்காதீர்கள். சுத்தசாவேரியில் தொடங்குங்கள். ஸ ரி ம ப த என்று ஐந்தே ஸ்வரம்; அசைவு குறைவு, நின்று ஒலிக்கிற ஸ்வரங்கள் அதிகம். கோடு படிக்கட்டு போல வரும். ஒவ்வொரு படியும் சென்ட் எண்ணுக்குப் பக்கத்திலேயே நிற்கும். அடுத்து ஆரபி. அதில் காந்தாரமும் நிஷாதமும் தொட்டுவிட்டுப் போகிற ஸ்வரங்கள், நிற்பதில்லை. கோட்டில் அவை ஒரு சிறு மேடாகத் தெரியும்; அளவு எடுக்க நேரம் போதாது. எண்ணைப் பார்க்காமல் முன்னும் பின்னும் உள்ளதைப் பார்த்து எழுத வேண்டும்.

சங்கராபரணமும் கல்யாணியும் நடுத்தரம். கல்யாணியின் பிரதி மத்யமம் பல பிடிகளில் பஞ்சமத்திலிருந்து இறங்கி அசைகிறது. கோட்டை மட்டும் பார்த்தால் 'ப ம ப ம' என்று எழுதத் தோன்றும். பாடுகிறவருக்கு அது ஒரே மத்யமம். சாவேரியில் காந்தாரமும் நிஷாதமும் பெயருக்குரிய இடத்திலிருந்து சற்று இறங்கி ஒலிக்கும். மென்பொருள் அதைச் சுருதி பிசகாகக் காட்டினால் பாடகரைத் திருத்தப் போக வேண்டாம். அதுதான் சாவேரி.

தோடிக்கு வருவோம். இரண்டு கட்டையில் சாதாரண காந்தாரத்தின் இடம் ஏறக்குறைய 176 ஹெர்ட்ஸ். நல்ல தோடியின் காந்தாரத்தைக் கோடாக வரைந்தால் குரல் அந்த 176-இல் நிற்கவே நிற்காது. 157-க்குப் பக்கத்தில் இருக்கும் சுத்த ரிஷபத்திலிருந்து 196-க்குப் பக்கத்தில் இருக்கும் மத்யமம் வரை மேலும் கீழுமாக வீசிக்கொண்டிருக்கும். காந்தாரத்தின் இடத்தைக் கடந்து போகிறது, அவ்வளவுதான். அருகிலுள்ள அரைக்கட்டைக்கு இழுத்து ஒட்டுகிற மென்பொருள் இதை 'ரி ம ரி ம' என்று எழுதும். நொட்டேஷனில் எழுத வேண்டியது 'க', மேலே அசைவுக் குறி. தோடி தெரிந்த எந்தக் குழந்தையும் அதைப் பார்த்துச் சரியாகப் பாடிவிடும். 'ரி ம ரி ம' என்று எழுதியதைப் பார்த்துப் பாடினால் தோடி வராது.

அப்படியானால் கோடு எதற்கு? 'க' என்று எழுதியபின்தான் அதன் பயன் தெரியும். அந்த அசைவு எங்கிருந்து தொடங்கியது, எத்தனை வீச்சு, கடைசி வீச்சு மேலே முடிந்ததா கீழே முடிந்ததா, வேகம் ஒரே சீரா, முதல் வீச்சு நீண்டதா? ஒரு பாடாந்தரத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்கிற விஷயங்கள் இவை. காது இவற்றை உணரும், ஆனால் எண்ணிச் சொல்லாது. 1904-இல் எட்டயபுரத்தில் வெளியான 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யில் சுப்பராம தீக்ஷிதர் கமகத்துக்குத் தனித்தனிக் குறிகளை வகுத்து அச்சேற்றினார். ஒலிப்பதிவு வசதி இல்லாமல் செவிவழி வந்ததை அப்படி எழுதினார். கோட்டைப் பார்த்துக்கொண்டு அந்தக் குறிகளைப் போடுகிற நமக்கு அவரளவு கஷ்டமில்லை.

கோடு படிக்கப் பழக ஒரு குறுக்குவழி: அதே பாடகர் அதே ராகத்தில் பாடிய வர்ணத்தைத் தேடுங்கள். பைரவிக்கு 'விரிபோணி' இருக்கிறது. நொட்டேஷன் எல்லார் கையிலும் உள்ளது; சிட்டைஸ்வரத்தில் பாடகரே ஸ்வரத்தின் பெயரைச் சொல்லிப் பாடுகிறார். அவர் 'நி' என்று சொல்லும்போது கோடு எப்படி வளைகிறது, ஏறும்போது சதுஸ்ருதி தைவதம் எப்படி, இறங்கும்போது சுத்த தைவதம் எப்படி என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பைரவியின் நவராத்திரி கிருதியான 'ஜனனி மாமவ'வின் கோட்டில் அதே வளைவு வந்தால் பெயர் தெரிந்துவிடும். கச்சேரிப் பதிவாக இருந்தால் கல்பனாஸ்வரப் பகுதியும் இதே உதவியைச் செய்யும். பதிவுக்குள்ளேயே அகராதி இருக்கும்போது வெளியே தேட வேண்டாம்.

தாளம்

சோனிக் விஷுவலைசரில் பாட்டு ஓடும்போதே விசைப்பலகையில் அரைப்புள்ளி விசையைத் தட்டினால் தட்டுகிற இடமெல்லாம் ஒரு கோடு விழும். 'ஜனனி மாமவ' மிஸ்ரசாபு. மூன்றும் இரண்டும் இரண்டுமாக ஆவர்த்தனத்துக்கு மூன்று தட்டு. இரண்டு மூன்று ஆவர்த்தனம் தட்டிவிட்டு, கோடுகள் மிருதங்கத்தின் அடியோடு ஒட்டி நிற்கின்றனவா என்று பாருங்கள். ஒரே அளவில் எல்லாம் தள்ளி நின்றால் ப்ளூடூத் ஹெட்போன்தான் குற்றவாளி. எடுப்பு எங்கே என்பதைக் கோட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சாகித்யத்தின் முதல் எழுத்து எங்கே விழுகிறது என்று காதால் கேளுங்கள். 'ஜ' என்ற எழுத்து வெடிப்பதற்கும் கோடு தொடங்குவதற்கும் இடையே சிறிது நேரம் உண்டு.

இயந்திரமே எழுதட்டும் என்பவர்களுக்கு

ஸ்பாட்டிஃபை நிறுவனம் 2022-இல் இலவசமாக வெளியிட்ட 'பேசிக் பிட்ச்' உலாவியிலேயே ஓடும். பதிவைப் போட்டால் மிடி கோப்பு தரும். கீபோர்டில் சினிமாப் பாட்டின் பல்லவி வாசிக்க வேண்டுமென்றால் தாராளமாக இதைப் பயன்படுத்துங்கள், நேரம் மிச்சம். கிருதிக்கு வேண்டாம். தோடியில் அது தருவது சிறு சிறு ஸ்வரத் துண்டுகளின் குவியல். அதைத் திருத்துகிற நேரத்தில் புதிதாகவே எழுதிவிடலாம்.

எழுதி முடித்ததைச் சரிபார்க்க எதிர்த்திசையில் போகிற மென்பொருள் உண்டு. எம். சுப்ரமணியன் உருவாக்கிய 'காயக' நாம் தட்டச்சு செய்கிற ஸ்வரங்களை வாசித்துக் காட்டும். கமகத்தையும் எழுதிக் கொடுக்கலாம். கணினியைக் கொண்டு கமகங்களை அலசிக் கட்டுரைகளும் எழுதியவர் அவர். நீங்கள் எழுதியதை அது வாசிக்கும்போது கிருதி காதில் விழுந்தால் நொட்டேஷன் பெரும்பாலும் சரி. வேறு ஏதோ கேட்டால் தப்பு எந்த வரியில் என்பதும் அப்போதே தெரியும்.

யாருடைய பாடம்

நொட்டேஷனின் தலைப்பில் ராகம், தாளம், இயற்றியவர் என்று எழுதிவிட்டு நிறுத்துவது வழக்கம். பதிவிலிருந்து எடுத்ததற்கு அது போதாது. யார் பாடியது, எந்த ஆண்டு, எங்கே, எந்தச் சுருதி, வேகத்தைத் திருத்தினீர்களா, எந்த மென்பொருள் என்பதையும் எழுத வேண்டும். திருவனந்தபுரத்தில் இது வெறும் ஒழுங்கு சார்ந்த விஷயமும் இல்லை. சுவாதித் திருநாள் 1813 முதல் 1846 வரை வாழ்ந்தவர். அவருடைய கிருதிகள் பலவற்றுக்கு இன்று நாம் கேட்கிற மெட்டு, இசைக் கல்லூரியின் முதல் தலைவர் முத்தையா பாகவதரும் அவருக்குப் பின் வந்த செம்மங்குடி சீனிவாச ஐயரும் சீர்செய்தோ புதிதாகவோ அமைத்தது. ஆகவே உங்கள் தாளில் இருப்பது 'சுவாதித் திருநாள் மெட்டு' என்று எழுதினால் பல சமயம் அது உண்மையாக இராது. 'இன்னாருடைய பதிவில் கேட்டபடி' என்று எழுதுங்கள். அது எப்போதும் உண்மை.

பதிவை மற்றவர்களுக்கு அனுப்புவதற்கு முன் உரிமையையும் பாருங்கள். இந்தியச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. வகுப்புப் பதிவானால் டீச்சரின் சம்மதம் இல்லாமல் யாருக்கும் அனுப்பக்கூடாது. இதற்குச் சட்டப் புத்தகம் வேண்டியதில்லை.

எழுதி முடித்த தாளைக் கொண்டுபோய் அந்தப் பாடாந்தரம் தெரிந்த ஒருவர் முன்னால் பாடிக் காட்டுங்கள். நொட்டேஷனைப் பார்த்துப் பாட வேண்டும், மனப்பாடமாகப் பாடக்கூடாது. மனப்பாடத்தில் காது தப்பை மறைத்துவிடும்.

வீட்டுப் பரணில் தாத்தாவின் கேசட்டுகள் இருந்தால், இந்த அத்தியாயத்தின் மற்ற எல்லாவற்றையும் தள்ளிவைத்துவிட்டு முதலில் அவற்றைக் கணினிக்கு மாற்றிவிடுங்கள். நாடா பூஞ்சை பிடித்து ஒட்டிக்கொண்ட பிறகு எந்த மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது. நொட்டேஷனை அடுத்த வருடம்கூட எழுதலாம்.